ஆயுத பூஜையன்று அணைந்த மெஷின்

ஞாயிற்றுக்கிழமை டெம்போ பிடித்து இன்னும் இரண்டு மெஷின்களைக் கொண்டுவந்து நம் வீட்டுப் பின்னறையில் வைக்கப்போவதாக நேற்று போனில் சொன்னாய், ராசா. "கணக்கு அனுப்பியிருக்கேன், பாத்துட்டு ஜல்தி ஓகே சொல்லும்மா" என்றாய். பார்த்தேன். ஓகே சொல்ல வாய் வரவில்லை. காரணத்தைப் போனில் சொல்ல ஆரம்பித்தால் பாதியிலேயே "அச்சா அச்சா" என்று வைத்துவிடுவாய், அதனால் எழுதுகிறேன். தமிழில் எழுதுவதும் வேண்டுமென்றேதான். ஆங்கிலத்தில் எழுதினால் நேராகக் கடைசி வரிக்குப் போய் மொத்தம் என்ன என்று பார்த்துவிட்டு மூடிவிடுவாய். மோதி பாக் பள்ளியில் படித்த தமிழை வைத்துக்கொண்டு நீ எழுத்துக்கூட்டித்தான் இதைப் படிக்க வேண்டும், அப்போது ஒரு வரியையும் தாண்ட முடியாது. இங்கே டெல்லியில் எங்கள் குடியிருப்புத் தமிழர்கள் பொங்கலுக்குக் கொண்டுவரும் மலரிலும், யார் பெயரையும் போடாமல், இதைப் போடச் சொல்லியிருக்கிறேன். உன்னைப் போலத் தொழில் தொடங்கிய பிள்ளைகளும், பிள்ளைக்காக வீட்டில் ஓர் அறையை விட்டுக்கொடுத்த பெற்றோரும் இந்த ஊரில் நிறையப் பேர் இருக்கிறார்கள்.

அவர்களுக்குப் புரிவதற்காக உன் தொழிலை இங்கே சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். சின்ன ஸ்கேன் சென்டர்களும் கிளினிக்குகளும் எடுக்கிற எக்ஸ்ரே, ஸ்கேன் படங்களை வாங்கிப் பத்திரமாக வைத்திருந்து, டாக்டர் கேட்டதும் அவர் திரையில் காட்டுவது உன் கம்பெனியின் வேலை. இதுநாள்வரை எல்லாப் படங்களையும் கிளவுடில், அதாவது ஒரு பெரிய கம்பெனியின் மெஷின்களில், வாடகைக்கு வைத்திருந்தாய். அந்த மாத பில் உன் நொய்டா ஆபீஸ் வாடகையைத் தாண்டியபோது உனக்குக் கோபம் வந்தது. சொந்தமாக டிஸ்க் வாங்கி நாமே வைத்துக்கொண்டால் என்ன என்று கேட்டாய். ஆகஸ்டில் முதல் மெஷினைக் கொண்டுவந்து துவாரகா ஃபிளாட்டின் பின்னறையில் வைத்தாய். நான் ரிடையராகி வீட்டில்தானே இருக்கிறேன், காலமெல்லாம் ஆபீசில் மெஷின் ரூமைப் பார்த்துக்கொண்டவள்தானே என்றாய். அன்றைக்கு எனக்குப் பெருமையாகவே இருந்தது. அக்கம்பக்கத்தில் நாலு பேரிடம் சொல்லவும் செய்தேன்.

முதலில் கணக்கையே பேசிவிடுவோம், அம்மா கணக்கை விட்டுவிட்டு அழுகிறாள் என்று நீ நினைக்கக் கூடாது. கிளவுடைப் பற்றி நீ சொல்கிற குறைகள் எல்லாம் உண்மை. அது ரயில்வே ஸ்டேஷன் கிளோக் ரூம் மாதிரி. பையைக் கொடுத்தால் டோக்கன் தருவார்கள், பை எந்த அலமாரியில் இருக்கிறது என்று நமக்குத் தெரியாது, தெரிய வேண்டிய அவசியமும் இல்லை. வைப்பதற்கான வாடகை குறைவுதான். ஆனால் ஸ்டேஷனில் இல்லாத ஒரு வழக்கம் இங்கே உண்டு, பையை வெளியே எடுக்கவும் காசு கேட்பார்கள். எத்தனை முறை கவுண்டருக்குப் போனாய் என்பதற்கும் தனியாகக் காசு. உன் கம்பெனியில் ஒவ்வொரு நோயாளிக்கும் நூற்றுக்கணக்கில் சின்னச் சின்னப் படங்கள் இருப்பதால் இந்தக் கவுண்டர் காசே பெரிதாக வந்தது. அதைக் குறைக்கப் பழைய படங்களை எல்லாம் அவர்களுடைய மலிவான, மெதுவான பகுதிக்கு மாற்றினாய். அந்தப் பகுதியில் வைப்பது கிட்டத்தட்டச் சும்மா, எடுப்பதுதான் செலவு, எடுத்துக்கொடுக்கச் சில மணி நேரமும் ஆகும். பழைய படம் யாருக்கு வேண்டும் என்று நீ நினைத்தாய். டாக்டர்களோ புதுப் படத்தைப் பார்க்கும்போதெல்லாம் போன வருடப் படத்தையும் பக்கத்தில் வைத்துப் பார்ப்பவர்கள். அடுத்த மாத பில்லை நீ எனக்குக் காட்டியபோது உன் முகத்தைப் பார்க்கவே எனக்குக் கஷ்டமாக இருந்தது. போதாததற்கு விலை எல்லாம் டாலரில். நீ ஒன்றும் கூடுதலாக வைக்காவிட்டாலும் ரூபாய் சரிந்தால் பில் ஏறுகிறது.

சொந்த மெஷின் பக்கமும் உன் கணக்கு முக்கால்வாசி சரி. டிஸ்க் வாங்கும் விலையை மட்டும் பார்த்தால் கொஞ்ச காலத்திலேயே அது கிளவுட் வாடகையில் கழிந்துவிடும். கிளவுட் கம்பெனிகள் படங்களை வைக்கிற அதே முறையில் வைக்க மென்பொருளும் காசில்லாமல் கிடைக்கிறது. ஆனால் பத்துப் படி அரிசி வைக்க இங்கே பத்துப் படிப் பானை போதாது. ஒரு டிஸ்க் போனாலும் படம் போகாமலிருக்க இன்னொன்று வேண்டும், இந்த வீடே தீப்பிடித்தாலும் போகாமலிருக்க வேறோர் இடத்தில் மற்றொன்று வேண்டும். ஓடிக்கொண்டிருக்கும் டிஸ்க் என்றைக்கானாலும் சாகும், அதற்கு மாற்று அலமாரியில் தயாராக இருக்க வேண்டும். மே மாதத்து டெல்லியில் அந்த அறையில் ஏசி ஒரு நிமிடம் நிற்கக் கூடாது. கரண்ட் போனால் தாங்குவதற்கு பேட்டரி, அந்த பேட்டரியைச் சில வருடத்துக்கு ஒருமுறை மாற்றுவது, ஒரு இன்டர்நெட் லைன் அறுந்தால் இன்னொன்று. துவாரகாவில் எந்நேரமும் யாராவது கட்டடம் கட்டிக்கொண்டே இருக்கிறார்கள், அந்தச் சிமென்ட் தூசிக்கு வடிகட்டி. இதையெல்லாம் சேர்த்தும் உன் அளவுக்குச் சொந்த மெஷின் மலிவாகத்தான் வருகிறது. நானும் தனியாகப் போட்டுப் பார்த்தேன். இரண்டு பேருக்கும் ஒரே விடைதான் வந்தது, ஒரே ஒரு வரியைத் தவிர.

பராமரிப்பு என்ற வரியில் நீ "அம்மா" என்று எழுதி, எதிரே பூஜ்யம் போட்டிருக்கிறாய். கோபம் வரவில்லை, எனக்குச் சிரிப்புத்தான் வந்தது. ஏனென்றால் இதே தப்பை நாங்கள் ஆபீசில் அரசாங்க முத்திரையோடு செய்தோம். எங்கள் ஆபீசிலும் ஸ்கேன் செய்த பழைய கோப்புகளை வெளியே வாடகைக்கு வைப்பதா, நம் மெஷின் ரூமிலேயே வைப்பதா என்று கேள்வி வந்தது. ஒப்பிட்டு மேலே அனுப்ப நோட் எழுதச் சொன்னது என்னை. மெஷின் விலையை எழுதினேன், டிஸ்க், ஏசி, பேட்டரி எல்லாம் எழுதினேன். ஆட்களின் சம்பளத்தையும் எழுதினேன். மேலே இருந்தவர் அந்த வரியைச் சிவப்பு மையில் அடித்து, "மேடம், சேலரி வேற ஹெட்ல வருது, இதுல காட்டாதீங்க" என்று திருப்பி அனுப்பினார். அரசாங்கத்தில் சம்பளம் வேறு தலைப்பு, சாமான் வேறு தலைப்பு. ஆகவே மெஷினைப் பார்த்துக்கொள்கிற ஆளுக்கு நோட்டில் செலவே இல்லை. சொந்த மெஷின்தான் மலிவு என்று எல்லோரும் கையெழுத்துப் போட்டார்கள். அதற்குப் பிறகு நான் கல்யாணத்துக்குப் போனாலும் போனை மடியில் வைத்துக்கொண்டே சாப்பிட்டது உனக்குத் தெரியும். உன் பள்ளி ஆண்டு விழாவில் நீ மேடையில் நின்றபோது நான் வாசலில் நின்று யாரிடமோ போனில், மெஷினில் எந்த விளக்கு எரிகிறது, எந்த விளக்கு எரியவில்லை என்று கேட்டுக்கொண்டிருந்ததும் உனக்கு ஞாபகம் இருக்கும். மெஷின் வைத்திருப்பது என்றால் அதுதான். அது கெட்டுப்போகும் நாள் ரொம்பக் குறைவு. ஆனால் கெட்டுப்போகாத நாளிலும் யாராவது ஒருவர் அதை நினைத்துக்கொண்டே இருக்க வேண்டும்.

ஆனாலும் எனக்குச் சம்பளம் வேண்டும் என்று இதை எழுதவில்லை. நம் வீட்டில் அந்த மெஷினுக்கு வேறொருவர் விலை கொடுத்துவிட்டார். அதைச் சொல்லத்தான் இவ்வளவு தூரம் வந்தேன்.

மோதி பாக் குவார்ட்டர்ஸில் நாம் இருந்தபோது ஆயுத பூஜை எப்படி இருக்கும் என்று நினைத்துப் பார். அப்பா முதல் நாளே ஸ்கூட்டரைக் கழுவித் துடைத்துவிடுவார். மறுநாள் அதற்குச் சந்தனம், குங்குமம், மாலை. என்னுடைய கத்தரிக்கோல், அரிவாள்மணை, அவருடைய பேனா, ஆபீசில் வாங்கிய கால்குலேட்டர், எல்லாம் சாமி முன்னால் வரிசையாக இருக்கும். பூஜை போட்டால் மறுநாள் விஜயதசமிக் காலைவரை ஒன்றையும் தொடக்கூடாது. பேப்பர்கூடப் படிக்க மாட்டார். நீ கணக்குப் புத்தகத்தை ஓடிப்போய் முதல் ஆளாக அடியில் வைப்பாய், பூஜை முடிந்து யாராவது படி என்று சொன்னால் "சாமிகிட்ட இருக்கே" என்பாய். ஒரு வருடம் தசரா லீவு முடிந்ததும் உனக்குப் பரீட்சை. பக்கத்து வீட்டு வர்மாவின் பிள்ளைகள் ஜன்னல் வழியாக எங்களுக்குக் கேட்கும்படி சத்தம் போட்டுப் படித்துக்கொண்டிருந்தார்கள். புத்தகத்தை எடுத்துக் கொடுங்கள் என்று அப்பாவிடம் கேட்டேன். "ஒரு நாளு படிக்காட்டி பிள்ளை ஒண்ணும் கெட்டுப்போயிர மாட்டான்ட்டி. நமக்குச் சோறு போடுத சாமானுக்கு வருசத்துல ஒரு நாளாவது கும்புடு போட வேண்டாமா?" என்றார். டெல்லிக்கு வந்து இத்தனை வருடமாகியும் அவருடைய திருநெல்வேலிப் பேச்சும் மாறவில்லை, அந்த வழக்கமும் மாறவில்லை.

இந்த வருடம் ஸ்கூட்டர் இல்லை, விற்றாகிவிட்டது. ஆபீஸ் பேனா இல்லை. பூஜையன்று காலையில் நான் கோயிலுக்குப் போய்விட்டேன், கூட்டத்தில் வரத் தாமதமாகிவிட்டது. வீட்டுக்குள் நுழைந்ததும் ஏதோ குறைவது போல இருந்தது. கொஞ்ச நேரம் கழித்துத்தான் புரிந்தது, பின்னறையிலிருந்து வரும் இரைச்சல் இல்லை. ஓடிப்போய்ப் பார்த்தேன். உன் மெஷினை அப்பா ஈரத்துணி போட்டுத் துடைத்திருந்தார். மேல்பக்கம் மூன்று இடத்தில் சந்தனப்பொட்டு, அதன்மேல் குங்குமம். முன்னால் குத்துவிளக்கு, தட்டில் பொரி, வாழைப்பழம். வாங்கி வந்ததிலேயே பெரிய மாலையைச் சாமிக்குப் போடாமல் அதற்குப் போட்டிருந்தார். விளக்குகள் ஒன்றுகூட எரியவில்லை. "என்ன செஞ்சீங்க?" என்று கேட்டேன். சிரித்த முகமாகவே சொன்னார். "அணைச்சுட்டேன்ட்டி. ராப்பகலா ஓடுதுல்லா. நம்ம பிள்ளைக்குச் சோறு போடுத மிசினு. அதுக்கு ஒரு நாளு ஓய்வு குடுக்க வேண்டாமா?"

அவருக்கு நான் எதையும் விளக்கியிருக்கவில்லை. அதைத் தொடாதீர்கள் என்று மட்டும் சொல்லியிருந்தேன், ஏன் என்று சொல்லவில்லை. பழைய படங்களை எடுக்க ஆகும் கிளவுட் காசைத் தவிர்க்க நீ சில கிளினிக்குகளை இந்த மெஷினிலிருந்தே படம் பார்க்கும்படி மாற்றியிருந்தது அவருக்குத் தெரியாது. உத்தம் நகரில் ஒரு கிளினிக்கில் அன்றைக்கு ஓர் அம்மாள் நெஞ்சில் இருக்கும் நிழல் வளர்ந்திருக்கிறதா என்று பார்க்க சோனிபட்டிலிருந்து வந்து உட்கார்ந்திருந்தாள். போன வருடப் படம் திரையில் வரவில்லை. தசரா முடிந்து வா என்று திருப்பி அனுப்பிவிட்டார்கள். நான் மெஷினை மறுபடி போட்டபோது ஒரு டிஸ்க் எழுந்திருக்கவே இல்லை. மலிவாகக் கிடைத்ததென்று நீ ஏற்கெனவே எங்கோ ஓடிய டிஸ்க்குகளை வாங்கியிருந்தாய். ஓடியே பழகிய டிஸ்க் ஒருமுறை நின்று குளிர்ந்தால் மறுபடி சுற்றாமல் போவது உண்டு, ஆபீசில் பார்த்திருக்கிறேன். மாற்று டிஸ்க் போட்டு எல்லாம் சரியாக மறுநாள் ஆகிவிட்டது. ஒரு படமும் போகவில்லை. கிளவுடில் பிரதி இருந்தது, நாம் திட்டிக்கொண்டே வாடகை கட்டிய அந்தப் பிரதி.

நீ போன் பண்ணினாய். கிளினிக்காரர் உன்னிடம் கத்தியிருந்தார், நீ அதை அப்படியே இங்கே கொண்டுவந்தாய். ஸ்பீக்கரில் இருந்தது. "யாரு பந்த் பண்ணா? அம்மா, யாரு அதை ஆஃப் பண்ணா?" அப்பா பக்கத்தில் வந்து, "எய்யா, நான் பூசைக்காகத்தான்…" என்று ஆரம்பித்தார். நீ முடிக்க விடவில்லை. "உங்களுக்கு என்னப்பா தெரியும் இதெல்லாம்? அந்த ரூமுக்குள்ள நீங்க எதுக்குப் போறீங்க? ஒரு பேஷன்ட்டுக்கு ஏதாவது ஆயிருந்தா நீங்களா பதில் சொல்வீங்க?" நீ கேட்டது நியாயமான கேள்வி. அந்த சோனிபட் அம்மாளை நினைத்தால் எனக்கும் பயமாக இருந்தது. அந்த நேரத்தில் நான் உன் பக்கமும் இல்லை, அவர் பக்கமும் இல்லை, மெஷின் பக்கம் நின்றேன். என் கண் எழுந்திருக்காத அந்த டிஸ்க்கின் சிவப்பு விளக்கை விட்டு அகலவில்லை. அப்பா மெஷின்மேல் இருந்த மாலையை எடுத்தார். துணியை நனைத்து வந்து சந்தனத்தைத் துடைக்கப் போனார். நான் "ஐயோ தண்ணி" என்று கையைத் தட்டிவிட்டேன். அவர் என்னைப் பார்த்த பார்வையை உனக்கு எழுதிக் காட்ட எனக்குத் தெரியவில்லை.

அன்றிலிருந்து அவர் பின்னறைக்குள் போவதில்லை. அது அவர் அறை, ராசா. மத்தியானம் அவர் சாய்கிற கட்டில் அங்கேதான் இருக்கிறது, அவர் சாமி அலமாரியும் அங்கேதான் இருக்கிறது. இப்போது ஹாலில் நாற்காலியில் உட்கார்ந்தபடியே கண்ணை மூடிக்கொள்கிறார். காலையில் குளித்துவிட்டு வந்து பின்னறை வாசலுக்கு வெளியே நின்று கும்பிட்டுவிட்டுப் போகிறார். போன வாரம் அவருடைய கம்பளி உள்ளே இருக்கும் துணி அலமாரியில் இருந்தது. வாசலில் நின்று, "உள்ள வரலாமாட்டி? எதையும் தொட மாட்டேன்" என்று என்னிடம் கேட்டார். கேலியாகக் கேட்கவில்லை. நிஜமாகவே கேட்டார். அரசாங்க வீட்டில் ஆயுசு பூராவும் இருந்து, ரிடையரான பணத்தைப் போட்டு வாங்கிய சொந்த வீட்டில், ஓர் அறைக்குள் வர அனுமதி கேட்டார். எனக்கு அழுகை வந்துவிட்டது. இதை உன் கணக்கில் எந்த வரியில் எழுதுவாய்?

அதனால் நான் சொல்வதைக் கேள். கிளவுடே கதி என்று சொல்ல வரவில்லை. நாள்தோறும் பார்க்கிற படங்களும், டாக்டர்கள் திரும்பத் திரும்பக் கேட்கிற போன வருடப் படங்களும் ரொம்பப் பெருகிவிட்டால், சொந்த மெஷின்தான் சரி. ஆனால் அதைச் சொந்த மெஷின் இருக்க வேண்டிய இடத்தில் வை. நொய்டாவிலேயே மெஷின் வைக்க அலமாரி வாடகைக்கு விடுகிறார்கள், ஏசி, கரண்ட், காவல் எல்லாம் அவர்கள் பொறுப்பு. ஓடிக் களைத்த டிஸ்க்கை வாங்காதே. கூப்பிட்டால் வருகிற ஓர் ஆளைச் சம்பளம் கொடுத்து வை. அந்த ஆளுக்கு லீவு வேண்டும், அவனுக்கும் பண்டிகை வரும், அதனால் இன்னொரு ஆளுக்கும் வேலையைச் சொல்லிக்கொடு. யாருமே கேட்காத மிகப் பழைய படங்களைக் கிளவுடின் மலிவான பகுதியிலேயே விட்டுவை, வாடகையைப் பார்த்துப் பல்லைக் கடிக்காதே. ஒரு பிரதியை எப்போதும் அங்கே வைத்திரு. இதையெல்லாம் எழுதிக் கூட்டிப் பார். அப்போதும் மலிவாக வந்தால் செய். வரவில்லை என்றால் இன்னும் கொஞ்ச நாள் கிளவுட் பில்லைக் கட்டு, கிளினிக்குகளுக்கு விலையை ஏற்று. பெற்ற தகப்பனிடம் அப்படிக் கத்தத் தெரிந்த உனக்கு ஒரு கிளினிக்காரரிடம் விலை ஏற்றிக் கேட்க வாய் வராதா? உன் கம்பெனி நன்றாக நடக்க வேண்டும் என்று உன்னைவிட எனக்கு ஆசை அதிகம். ஆனால் எங்கள் இரண்டு பேரையும் பூஜ்யமாகப் போட்டால்தான் அது நடக்கும் என்றால், அது நடக்கிறது என்று சொல்லாதே.

ஞாயிற்றுக்கிழமை டெம்போ வரட்டும். காலியாக வரட்டும். இங்கே இருக்கிற மெஷினை ஏற்றிக்கொண்டு போ. கிளினிக்குகளை எல்லாம் சனிக்கிழமையே கிளவுடுக்குத் திருப்பிவிடு, யாரும் படம் கேட்டு அன்றைக்குக் காத்திருக்கக் கூடாது. எல்லாம் சரியாக இருக்கிறதா என்று நான் ஒருமுறை பார்த்துவிடுகிறேன். அதற்குப் பிறகு மெஷினை அணைக்க வேண்டும். அதை நீயும் செய்யாதே, நானும் செய்ய மாட்டேன். பின்னறைக்குள் போய் நின்றுகொண்டு அப்பாவைக் கூப்பிடு. சாரி, கீரி என்று ஆங்கிலத்தில் ஏதும் சொல்லாதே, அவருக்குக் கூச்சமாகிவிடும். எந்தப் பொத்தான் என்று காட்டு, எதற்கு என்று சொல்லிக்கொடு, நான் சொல்லிக்கொடுக்காமல் விட்டதை நீ சொல்லிக்கொடு. அவரே அணைக்கட்டும். வாசல்வரை வந்து நின்றுவிடுவார், கையைப் பிடித்து உள்ளே கூட்டிக்கொண்டு போ. நான் எத்தனையோ தடவை கூப்பிட்டுப் பார்த்துவிட்டேன். நான் கூப்பிட்டால் அவர் வருவதில்லை.

அம்மா